கன்சோல் பிழையை சப்ஸ்கிரைபர் விழுங்கலாமா?

கும்பகோணத்தான்:
எங்கள் ஊர் அரிசி ஆலை ஒன்றுக்கு சிம்ஃபனி (பிஎச்பி மொழிக்கான கட்டமைப்பு) கன்சோலில் 18 கமாண்ட் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் பிழையைப் பிடிக்க ட்ரை-கேட்ச் போட்டு அலுத்துவிட்டது. பிழை வந்தால் எழும் கன்சோல்.எரர் நிகழ்வுக்கு ஒரே சப்ஸ்கிரைபர் (நிகழ்வைக் கேட்டு ஓடும் நிரல்) வைத்து, பிழையை லாகில் எழுதி, எக்சிட் கோடை (கமாண்ட் எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) 0, அதாவது வெற்றி, ஆக்கிவிட்டேன். ராத்திரி கமாண்டைத் தானாக ஓட்டும் கிரான் அனுப்பும் பிழை மெயில் நின்றது. இதில் என்ன தப்பு?

மன்னார்குடி அண்ணன்:
சப்ஸ்கிரைபர் சரி தம்பி, அந்த 0 தான் தப்பு. 0 வைத்ததுமே கன்சோல் பிழையைத் தூக்கிப் போட்டுவிடும், திரையில் ஒரு வரி கூட வராது. நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். குறுவை அறுவடை நேரம், மழை. முதல் கமாண்ட் அன்றைய சிப்பக் கணக்கை டேட்டாபேஸில் ஏற்றும், அது வெற்றி என்றால் மட்டும் ஓடும்படி && போட்டு அடுத்தது தற்காலிகக் கோப்பை அழிக்கும். டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தது, சப்ஸ்கிரைபர் 0 தந்தது, கோப்பு போனது. மறுநாள் களத்தில் உட்கார்ந்து, மை கசிந்து 3ஆ 8ஆ என்றே தெரியாத ஈரத் துண்டுச்சீட்டுகளைப் பார்த்து 40 கிலோ சிப்பங்களைத் திரும்ப எண்ணினோம். விவசாயி காத்துக்கொண்டு நிற்கிறார், அவருக்கு என்ன பதில் சொல்வது?

திருவையாறு:
அதனால்தான் சப்ஸ்கிரைபரே வேண்டாம் என்கிறேன். கமாண்டைப் படிப்பவனுக்கு எங்கோ ஒளிந்திருக்கும் நிரல் எப்படித் தெரியும்?

மன்னார்குடி அண்ணன்:
டீபக்:ஈவன்ட்-டிஸ்பேச்சர் கமாண்டை ஓட்டினால் எந்த நிகழ்வை யார் கேட்கிறார்கள் என்று பட்டியலே வரும். 18 இடத்தில் ஒரே கேட்ச் எழுதினால் ஒன்றில் மறப்போம். அப்புறம், கமாண்ட் பெயரையே தப்பாக அடித்தால் உங்கள் கேட்ச் ஓடவே ஓடாது, கன்சோல்.எரர் அதையும் பிடிக்கும். அந்த நேரம், எந்தக் கமாண்ட் என்று சொல்லும் கெட்கமாண்ட் நல் (ஒன்றுமில்லை) தரும், அதைப் பார்க்காமல் பெயரைக் கேட்டால் சப்ஸ்கிரைபரே விழும்.

கும்பகோணத்தான்:
எனக்கு வேறு வழி இல்லை அண்ணே. எஸ்எம்எஸ் அனுப்பும் கமாண்டில் ஒரு நம்பர் தப்பு என்றால் மற்ற விவசாயிகளுக்கும் போகாமல் நிற்கக் கூடாது.

மன்னார்குடி அண்ணன்:
0 வைத்தாலும் மற்றவர்களுக்குப் போகாது தம்பி! நிகழ்வு வரும்போது கமாண்ட் ஏற்கெனவே பாதியில் நின்றிருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடராது. லூப்புக்குள்ளேயே அந்த நம்பரின் பிழையைப் பிடித்து எண்ணிக்கொள், கடைசியில் ஒன்றாவது தவறியிருந்தால் எக்சிட் கோடாக 1 (தோல்வி) திருப்பு.

திருவையாறு:
இந்த ஒரு இடத்தில் கேட்ச் வேண்டும் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அப்போ லாகை மூடுவது, பூட்டை விடுவது?

மன்னார்குடி அண்ணன்:
அது கமாண்ட் முடிந்ததும் எழும் கன்சோல்.டெர்மினேட் நிகழ்வின் வேலை. கமாண்ட் ஓடும்போது எக்செப்ஷன் (பிழை) வந்தாலும் அது வரும்.

கும்பகோணத்தான்:
லாகைத் திறந்து பார்த்தேன். மூன்று நாளாக அதே நம்பரில் நின்றிருக்கிறது, பட்டியலில் அதற்குக் கீழே 40 பேர். 0 வரியை எடுத்துவிட்டேன். லூப்பை மாற்றிவிட்டு அவர்களுக்கு இப்போதே அனுப்புகிறேன்.