சர்வேயில் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? களப்பணி அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். முதுகலை ஆய்வுக்காக மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போகிறேன். இதுவரை 42 வீடுகள். "பிள்ளைகள் வேறு சாதியில் கல்யாணம் செய்தால் சம்மதமா?" என்று கேட்டால், பாதிப் பேர் யோசிக்காமலே "அதுக்கென்ன, தாராளமா" என்கிறார்கள். ஒரு வீட்டில் அக்கா வாயைத் திறக்கும் முன்பே திண்ணையில் இருந்த அவர் கணவர், "சம்மதம்னு எழுதிக்கோங்க தம்பி" என்றார். அப்புறம் தண்ணீர் கொடுக்கும்போது அந்த அக்கா மெதுவாக, "எழுதுறது வேற தம்பி" என்றார்.

இன்னும் 200 வீடு சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறான் வகுப்புத் தோழன். எனக்கு நம்பிக்கை இல்லை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் அங்குள்ள லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் வாக்காளர்களிடம் 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கியும், ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலங்களில் 46-ல் ஜெயித்தார். அங்கே யாரிடம் கேட்டார்கள் என்பதில் கோளாறு. என்னுடையதில் கேட்கும் விதத்தில்தான் என்று படுகிறது.

இந்திய மனித வளர்ச்சி ஆய்வில் (2011-12) "தீண்டாமை பார்க்கிறீர்களா?" என்று கேட்டு, இல்லை என்றவர்களிடம் "தலித் ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வரலாமா?" என்று மறுபடி கேட்டார்கள். திருமணத்துக்கு அதுபோல ஒரு சுற்றுவழிக் கேள்வி யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? பெண்களிடம் தனியாகப் பேச எந்த நேரம் வசதி? ஏற்கெனவே நிரப்பிய 42 தாள்களை என்ன செய்வது?

அடுத்த வாரம் நெறியாளரைப் பார்க்க வேண்டும்.