ஆறாயிரம் அடிப் படம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுமா?

ஆபரேட்டர் மகன்:
நேற்று இங்கே ஒருவர் ஒரு சிறுகதையைப் "பிழையே இல்லாத வரலாற்றுப் புனைவு" என்று கொண்டாடியிருந்தார். அந்தப் புகழ்ச்சியை நம்பித்தான் படித்தேன். 1918, சென்னை. புரசைவாக்கத்தில் ஓர் இளம் விதவை. வீட்டுக்குத் தெரியாமல் தம்பியை அழைத்துக்கொண்டு எல்பின்ஸ்டன் கொட்டகைக்குப் போய், நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' என்ற ஊமைப்படத்தைப் பார்க்கிறாள். ஆட்டம் 9.30-க்குத் தொடங்குகிறது. 10.30-க்கு முடிகிறது. கதையில் கடைசி டிராம் 11 மணிக்கு. அதைப் பிடித்து, யாரும் விழிப்பதற்குள் வீடு சேர்கிறாள்.

கீசக வதத்தின் நீளம் 6,000 அடி. ஓர் அடிப் பிலிமில் 16 பிரேம்கள், அதாவது 16 தனித்தனிப் படங்கள். ஊமைப்படக் காலத்தில் கேமராக்காரர் கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்று சுற்றுவார், ஒரு சுற்றுக்கு எட்டு பிரேம். ஆக நொடிக்கு ஓர் அடி. 6,000 அடிக்கு 6,000 நொடி, அதாவது 100 நிமிடம். படம் முடியும்போது மணி 11.10. டிராம் போய்விட்டது. கதையும் அதோடு போய்விட்டது. இதைப் பிழையில்லாத கதை என்று எழுத எப்படித்தான் மனம் வந்ததோ.

பொருநை:
புகழ்ந்தது நான்தான். மீண்டும் புகழ்வேன். விராடன் சபையில் திரௌபதியைக் கீசகன் எட்டி உதைக்கும்போது, அரங்கே கூச்சலிட, அந்தப் பெண் மட்டும் தன் மழித்த தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். அந்த வரியைக் கடந்து வந்தவருக்குக் கடிகாரம் பார்க்கத் தோன்றியிருக்கிறது என்றால், அது படித்தவரின் குறை.

ஆபரேட்டர் மகன்:
எனக்கும் அந்த வரி பிடித்தது. பிடித்ததால்தான் கோபம் வருகிறது. அவ்வளவு நல்ல காட்சியை எழுதியவர் ஒரு பெருக்கல் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? 6,000 அடி. 100 நிமிடம்.

கணக்கர்:
இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். நொடிக்கு 16 பிரேம் என்பது படம் எடுத்த வேகம். கொட்டகையில் ஓட்டிய வேகம் அதுவாகத்தான் இருந்தது என்று எந்த விதியும் இல்லை. புரொஜெக்டரையும் கையால்தான் சுழற்றினார்கள். கூட்டம் வெளியே காத்திருந்தால் வேகமாகச் சுழற்றி முடிப்பது உலகம் முழுக்க இருந்த வழக்கம். 20 பிரேம் வைத்துப் பாருங்கள்: 80 நிமிடம். 10.50-க்குப் படம் முடியும். டிராம் கிடைக்கும்.

ஆபரேட்டர் மகன்:
கதையில் 10.50 இல்லை. 10.30. 6,000 அடியை ஒரு மணி நேரத்தில் ஓட்ட வேண்டுமென்றால் நொடிக்கு ஏறத்தாழ 27 பிரேம். பேசும் படத்தின் வேகமே 24-தான்! ஊமைப்படத்தைப் பேசும் படத்தைவிட வேகமாக ஓட்டிய அந்த மகா ஆபரேட்டர் யார்? அந்த வேகத்தில் கீசகன் உதைப்பது கோழி கிளறுவதுபோல் இருக்கும். அதைப் பார்த்து அந்தப் பெண் அழ மாட்டாள், சிரிப்பாள்.

என் தந்தை நாற்பது ஆண்டுகள் டூரிங் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர். ரீல் ஓடும் சத்தத்தைக் கேட்டே வேகம் சரியா தவறா என்று சொல்லிவிடுவார். இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பழைய சந்தாதாரர்:
உங்கள் தந்தை ஓட்டியது மோட்டார் வைத்த கருவி. பேசும் படம். கைப்பிடி சுழற்றிய காலத்துக்கு அந்த அனுபவம் எப்படிச் சாட்சியாகும்? போகட்டும், படம் வந்த ஆண்டே 1918 தானா? 1916 என்றும் 1917 என்றும் எழுதியவர்கள் உண்டு. ஆண்டையே உறுதி செய்யாமல் நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

ஆபரேட்டர் மகன்:
எந்த ஆண்டாக இருந்தாலும் 6,000 அடி 6,000 அடிதான். என் தந்தையைப் பற்றிப் பேசும் தகுதி உங்களுக்கு இல்லை. ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், வெரைட்டி ஹால் என்ற திரையரங்கைக் கட்டியது திருச்சியில் என்று எழுதியவர்தானே நீங்கள்? அது கோயம்புத்தூர் என்று திருத்தியது நான். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை போலும்.

பழைய சந்தாதாரர்:
அவர் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905-இல் துய்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கியதும் அங்கேதான். அந்த நினைவில் ஊர் மாறிவிட்டது. அன்றைக்கு நீங்கள் என்னைத் திருத்தவில்லை, அவமானப்படுத்தினீர்கள். "படிக்காமல் எழுதுபவர்" என்ற சொல்லை நான் மறக்கவில்லை.

கீற்றுக்கொட்டகை:
ஒரு கேள்வி. வரலாற்றுப் புனைவு என்று எதைச் சொல்கிறோம்? பழைய காலத்தில் நடக்கும் கதையெல்லாம் வரலாற்றுப் புனைவாகிவிடுமா? அதை முடிவு செய்துகொண்டால் எந்தப் பிழை பெரிது, எது சிறிது என்று சொல்லலாமே.

ஆபரேட்டர் மகன்:
எந்தப் பெயர் வைத்தாலும் 100 நிமிடம் 60 நிமிடம் ஆகாது.

மயிலைக் கதைசொல்லி:
கதையை எழுதியவள் நான். பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் கணக்குத் தெரியாதவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு போக முடியாது.

அந்தக் காலப் பிலிம் நைட்ரேட் என்ற, எளிதில் தீப்பிடிக்கும் பொருள். தீப்பற்றினால் அணைக்க முடியாது. மெதுவாகச் சுழற்றினால் ஒவ்வொரு பிரேமும் விளக்கின் முன் கூடுதல் நேரம் நிற்கும், சூடேறும். அதற்கு அஞ்சி வேகமாகச் சுழற்றியவர்கள் உண்டு. என் கதையில் வரும் ஆபரேட்டர் ஏற்கெனவே தீயில் கை வெந்தவர். இரண்டாம் பத்தியிலேயே அவருடைய விரல்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஏன் அந்த விரல்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. டிராமை மட்டும் பார்த்தீர்கள்.

பொருநை:
அம்மா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! அந்த விரல்களுக்கு இப்படி ஒரு காரணம் இருப்பது எனக்குப் புலப்படவே இல்லை.

ஆபரேட்டர் மகன்:
அம்மா, விரல்களைப் படித்தேன். வெந்த விரல்களோடு ஒருவர் ஆறு ரீலையும் நொடிக்கு 27 பிரேம் வேகத்தில் ஒரு மணி நேரம் விடாமல் சுழற்றினாரா? நல்ல கை உள்ளவரே அரை மணியில் தோள் வலியால் துடிப்பார். நீங்கள் காட்டிய சாட்சி எனக்குச் சாதகமாகத்தான் பேசுகிறது.

இன்னொன்று. இதுவரை யாரும் ரீல் மாற்றுவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. 6,000 அடி ஒரே உருளையில் வராது. ஆயிரம் அடிக்கு ஒரு ரீல் என்றால் ஆறு ரீல். ஒரே ஒரு கருவி வைத்திருந்த கொட்டகையில் ஒவ்வொரு ரீலுக்கும் ஆட்டத்தை நிறுத்தி, சற்றுப் பொறுக்கவும் என்று ஸ்லைடு போட்டு, அடுத்த ரீலைக் கோத்து மறுபடி தொடங்க வேண்டும். ஐந்து இடைவெளி. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் பத்து நிமிடம். கணக்கரின் 10.50 அப்போது 11 ஆகிவிடும். மவுண்ட் ரோட்டில் அவள் நின்று பார்க்கும்போது டிராமின் பின்விளக்குத்தான் தெரியும்.

கணக்கர்:
எல்பின்ஸ்டன் பெரிய கொட்டகை. அங்கே இரண்டு கருவிகள் இருந்திருக்கலாம்.

ஆபரேட்டர் மகன்:
இருந்திருக்கலாம், இருந்திருக்கலாம். இதை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஹெலிகாப்டர்கூட இருந்திருக்கலாம்.

பொருநை:
படத்தின் தலைப்பு அட்டைகள் தமிழ், ஆங்கிலம், இந்தி என மூன்று மொழிகளில் இருந்தன. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருவர் நின்று உரக்கச் சொல்லும் வழக்கமும் இருந்தது. இதற்கெல்லாம் ஆகும் நேரம் உங்கள் கணக்கில் எங்கே?

ஆபரேட்டர் மகன்:
இதுதான் வேண்டும் என்று காத்திருந்தேன். தலைப்பு அட்டையும் பிலிம்தான் ஐயா! அதுவும் அந்த 6,000 அடிக்குள் அடக்கம். உரக்கச் சொல்பவருக்காக ஆபரேட்டர் கையை நிறுத்தினால் நைட்ரேட் எரியும், அதை அம்மாவே சொல்லிவிட்டார்கள். தப்பித்தவறி நேரம் கூடும் என்றே வைத்துக்கொண்டாலும் 100 நிமிடம் இன்னும் நீளும், 60 ஆகக் குறையாது. யாருக்காக வாதாடுகிறீர்கள் என்று முதலில் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

பழைய சந்தாதாரர்:
கீசக வதத்தில் ஒரு பிரேம்கூட இன்று மிஞ்சவில்லை. பார்த்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை. இல்லாத படத்தை அடி அடியாக அளக்கிறார் ஒருவர். 'மார்த்தாண்ட வர்மா' என்ற மலையாள ஊமைப்படம் பதிப்புரிமை வழக்கில் முடங்கியது, ஆனால் பிரதி பிழைத்து இன்று புனே ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அளப்பதென்றால் அதை அளக்கட்டும்.

ஆபரேட்டர் மகன்:
அது 1933. கீசக வதமோ சென்னைக்காரர் ஒருவர் ஏறத்தாழ முப்பத்தைந்து நாளில், முப்பத்தைந்தாயிரம் ரூபாய் போட்டு, தென்னிந்தியாவிலேயே முதலில் எடுத்த கதைப்படம். மோட்டார் உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்த மனிதர். 1923-இல் ஸ்டுடியோ எரிந்துபோனது, மகனையும் இழந்தார், தொழிலையே விட்டார். அவர் படத்தில் நமக்கு மிஞ்சியிருப்பது அந்த நீளம் ஒன்றுதான். ஆறாயிரம் அடி. அதையாவது மதியுங்கள் என்கிறேன். படத்தைத்தான் காப்பாற்றவில்லை, அதன் 100 நிமிடத்தில் 40 நிமிடத்தை ஒரு கதைக்காக வெட்டி எறிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

மயிலைக் கதைசொல்லி:
அந்த மனிதர்மீது உங்களுக்கு இருக்கும் மதிப்பு எனக்கும் இருக்கிறது. அதனால்தான் பேசும் படத்தை விட்டு அவருடைய படத்தை எடுத்துக்கொண்டேன். வேறு யார் எழுதினார்கள்? நீங்கள் எழுதினீர்களா? இத்தனை ஆண்டுகளாக இங்கே பிறர் எழுதியதில் ஓட்டை தேடுவதைத் தவிர உங்கள் தந்தையைப் பற்றியாவது ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்களா?

10.30 என்பதை மாற்றப் போவதில்லை. அந்தப் பெண் வீடு போய்ச் சேர வேண்டும்.

ஆபரேட்டர் மகன்:
நடந்தே போகட்டும். எல்பின்ஸ்டனிலிருந்து புரசைவாக்கம் நடக்க முடியாத தூரமா? நள்ளிரவில், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, திரௌபதியை நினைத்தபடி நடந்து வரும் ஒரு பெண் உங்களுக்குக் கிடைத்திருப்பாள். 11.10-ஐ ஏற்றுக்கொண்டிருந்தால்.

பொருநை:
ஆக, அடுத்தவர் கதையை நீங்களே எழுதவும் தொடங்கிவிட்டீர்கள்.

கணக்கர்:
20 பிரேம் என்று நான் சொன்னதற்கு இன்னும் யாரும் சரியான பதில் சொல்லவில்லை. 22 என்றால் 73 நிமிடம்கூட ஆகாது.

ஆபரேட்டர் மகன்:
22 என்றாலும் 10.30-க்கு முடியாது. 24 என்றாலும் 10.37. எந்த எண்ணை வேண்டுமானாலும் கொண்டு வாருங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்.

பழைய சந்தாதாரர்:
இங்கேதான் இருப்பீர்கள் என்றால் வெரைட்டி ஹால் விவாதத்துக்கும் வாருங்கள். "படிக்காமல் எழுதுபவர்" என்ற சொல்லை அங்கே இன்னும் நீங்கள் திரும்பப் பெறவில்லை.