அம்மாவுக்கு 68 வயது, ‘சுகம்தான்’ என்கிறாள். ஆரோக்கிய ஆயுள் கணக்கில் இதை எப்படி எடுப்பார்கள்?

அருமனைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு ஏதோ கணக்கெடுக்க வந்தார். “உங்க உடம்பு எப்படி இருக்கு? ரொம்ப நல்லா, நல்லா, சுமார், மோசம்?” அம்மா யோசிக்கவே இல்லை. “சுகம்தான் மக்களே, ஒண்ணும் இல்ல.” அந்தப் பெண் ‘நல்லா’வைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அம்மா 16 வயதில் அண்டி ஆபீசுக்குப் போனவள் (முந்திரித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்). 40 வருடம். காலையில் தரையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவது. கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் தேய்ந்து, இன்றைக்கும் ரேஷன் கடையில் கைரேகை விழாது. முழங்கால் இரண்டும் போய்விட்டது. பஸ் ஏற முடியாது. வாசல்படியைப் பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்குவாள். கக்கூஸ் ஜன்னல் கம்பியில் ஒரு கயிறு கட்டியிருக்கிறாள், பிடித்து எழுந்திருக்க. இவள்தான் ‘சுகம்’.

அம்மாவின் கூடப்பிறந்த அக்கா, எங்கள் பெரியம்மை, 74 வயது, நாகர்கோவிலில் இருக்கிறார். பாட்டா (தாத்தா) பனையிலிருந்து விழுந்த வருடம்தான் அம்மாவின் படிப்பு நின்றது. அதற்குள் பெரியம்மை டீச்சர் ட்ரெயினிங் முடித்திருந்தார். இன்றைக்கும் வடசேரிச் சந்தைக்கு நடந்தே போய் மீன் வாங்கி வருகிறார். ஆனால் அவரிடம் உடம்பைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் ஆகும். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, வலது கண்ணில் புரை, எல்லாவற்றுக்கும் ரிப்போர்ட்டைப் பைலில் போட்டு வைத்திருக்கிறார்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்குப்படி இந்தியாவில் சராசரி ஆயுள் 70.8, ஆரோக்கிய ஆயுள் (அதாவது நல்ல உடல்நலத்தோடு வாழும் வருடங்கள்) 60.3. நடுவில் பத்து வருடம். இந்தப் பத்து எப்படி வருகிறது? ஆளிடம் கேட்டு எழுதுவதென்றால் அம்மா ஆரோக்கியம், பெரியம்மை நோயாளி என்றல்லவா ஆகும்?

தக்கலை கணக்கு வாத்தியார்:

தம்பி, சந்தேகம் நியாயமானது. ஓய்வுபெற்றபின் இதில்தான் என் பொழுது போகிறது, சொல்கிறேன்.

பெரும்பாலும் 1971-இல் சல்லிவன் என்பவர் எழுதிய முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். 70 முதல் 74 வயது வரை 100 பேர் முழுதாக வாழ்ந்தால் 500 ஆண்டுகள். அந்த வயதில் நூற்றுக்கு 40 பேருக்கு உடம்பு முடியவில்லை என்று கணக்கெடுப்பில் தெரிந்தால், 200-ஐக் கழித்து 300 மட்டும் எடுப்பார்கள் (எண்கள் உதாரணத்துக்குத்தான்). எல்லா வயதுக்கும் இப்படிச் செய்து கூட்டி, தொடக்கத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வரும்.

அந்த 40-ஐ எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் வழி பிரிகிறது. இங்கிலாந்தில் ‘உங்கள் உடல்நிலை எப்படி’ என்று கேட்டு ஆரோக்கிய ஆயுளைக் கணிக்கிறார்கள். நீண்டநாள் நோயால் அன்றாட வேலை தடைபடுகிறதா என்று கேட்டு ஊனமில்லா ஆயுளைக் கணிக்கிறார்கள். முதல் கணக்கில் அங்கே மிக ஏழ்மையான பகுதிக்கும் மிக வசதியான பகுதிக்கும் 18 ஆண்டுகளுக்கு மேல் வித்தியாசம். நீங்கள் சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் எண் வேறு வகை. எந்த நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது, அது எவ்வளவு முடக்குகிறது என்று எடைபோட்டுக் கழிப்பது. அதில் உங்கள் அம்மா சொன்ன பதில் நேரடியாக வராது.

சொல்வதை வைத்து எடைபோடும் சிக்கலை அமர்த்தியா சென் 2002-லேயே எழுதிவிட்டார். ஆயுள் அதிகமுள்ள கேரளத்தில் ‘எனக்கு நோய் இருக்கிறது’ என்பவர்களும் அதிகம், ஆயுள் குறைந்த பீகாரில் குறைவு. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருந்தால்தான் தன் நோய்க்குப் பெயர் தெரியும். 1956 வரை குமரி மாவட்டத்துக்காரர்களான நாமும் கேரளத்துப் பக்கம் இருந்தவர்கள்தானே. 2011-இல் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். உங்கள் பெரியம்மை கேரளம், அம்மா பீகார். ஒரே வீட்டில் பிறந்தவர்கள்.

இன்னொன்று. நம் நாட்டு மாதிரிப் பதிவு முறை (தேர்ந்தெடுத்த ஊர்களில் பிறப்பு, இறப்பைப் பதிவு செய்வது) ஆயுளை மாநில வாரியாகத்தான் தருகிறது. 2014-18-இல் கேரளம் 75.3, சத்தீஸ்கர் 65.2. அருமனைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே எவ்வளவு என்பது அந்த எண்ணுக்குள் கரைந்து போகும்.

கடியபட்டணத்தான்:

வாத்தியார் சாருக்கு வணக்கம். கடற்கரையையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் 75 வயதில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பாட்டாவைப் பார்த்து ‘கடல்காரன் உடம்பு இரும்பு’ என்பார்கள். இரும்பு இல்லாதவர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள், அவ்வளவுதான். 2017 நவம்பர் 30, ஓக்கி புயல். அன்றைக்குத் தங்கலில் (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது) இருந்தவர்களில் பலர் திரும்பவே இல்லை. மிச்சம் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் எந்த ஊரும் ஆரோக்கியமாகத்தான் தெரியும்.

என் அப்பா 52 வயதில் முதுகுத்தண்டு தேய்ந்து கரையேறினார். இப்போது 66. அவரைக் கேட்டாலும் “கொள்ளாம்” (நல்லாத்தான் இருக்கு) என்றுதான் சொல்வார்.

மார்த்தாண்டம் அக்கா (பிசியோதெரபி):

அருமனைத் தம்பிக்கு, நான் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவள். ‘சுகமா’ என்று நான் கேட்பதே இல்லை. அது குசலம் விசாரிப்பது, அதற்குச் ‘சுகம்’ என்பதுதான் மரியாதை. வேறு மாதிரிக் கேட்பேன். தனியாகக் குளிப்பீங்களா? கட்டிலிலிருந்து எழும்ப யார் கை வேணும்? கடைசியா எப்போ தரையில் உட்கார்ந்தீங்க? 2017-18-இல் நாடு முழுக்க 45 வயது தாண்டிய 72,000 பேருக்கு மேல் எடுத்த முதுமை ஆய்விலும் குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, அறைக்குள் நடப்பது, கழிப்பறை போவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அப்படிக் கேட்டால் பொய் வராது.

அந்தக் கயிற்றை முதலில் அவிழ்த்துவிடுங்கள். ஜன்னல் கம்பி துருப்பிடித்திருந்தால் கையோடு வரும். சுவரில் கைப்பிடி வையுங்கள், முடிந்தால் யூரோப்பியன் குளோசெட். இடுப்பெலும்பு உடைந்தால் அப்புறம் எந்தக் கணக்கும் தேவைப்படாது.

அருமனைக்காரன்:

சார், அக்கா, கடியபட்டணத்து அண்ணா, எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணி அக்கா சொன்ன மாதிரியே கேட்டேன், கடைசியாக எப்போது தரையில் உட்கார்ந்தாள் என்று. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள்: “ஓக்கி காத்து அடிச்ச அன்னிக்கு. கரண்ட் இல்ல, ரப்பர் மரம் ஒவ்வொண்ணா ஒடியிற சத்தம். எல்லாரும் விளக்கைச் சுத்தி இருந்து கஞ்சி குடிச்சோம். உங்க அப்பாதான் கைகொடுத்து எழுப்பினாரு.”

அப்போது அவளுக்கு 60. அதற்குப் பிறகு வந்த கணக்கெடுப்பு எல்லாவற்றிலும் அவள் ‘நல்லா’தான்.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வருகிறார். குளோசெட் வாங்கியாயிற்று. “எனக்கு என்ன கேடு, எதுக்கு இந்த வீண் செலவு” என்று அம்மா இரண்டு நாளாகப் பேசுவதில்லை.