காமிக்ஸைப் படமாக்கும்போது எங்கே கோட்டை விடுகிறார்கள்?

கோபி வாசகன்:
போன ஞாயிற்றுக்கிழமை அட்டாலியைச் சுத்தம் பண்ணும்போது பழைய காமிக்ஸ் கட்டு ஒன்று கிடைத்தது. கரையான் தின்றது போக முப்பது புத்தகம் தேறியது. பெரியவன் ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் படமா வந்திருக்காப்பா?" என்று கேட்டான். வந்திருக்கிறது, ஆனால் எதுவும் உருப்படவில்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் கட்சி இதுதான்: படம் எடுப்பவருக்கு மூலக்கதை மேல் நம்பிக்கை கிடையாது. நாம் கேப்டன் டைகர் என்று படித்த ப்ளூபெர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கு உடைந்த, சீட்டாட்டத்தை விடாத, மேலதிகாரிக்கு அடங்காத குதிரைப்படை லெஃப்டினென்ட். 2004இல் பிரான்சில் வின்சென்ட் காசெலை வைத்து எடுத்தார்கள். மூலிகைச் சாற்றைக் குடித்துவிட்டுக் காணும் மாயக்காட்சிகள்தான் படத்தின் உயிர் என்று இயக்குநர் நினைத்திருக்கிறார், கடைசிப் பகுதியில் நிமிடக்கணக்கில் திரையில் உருவங்கள் நெளிந்துகொண்டே இருக்கின்றன. அதில் டைகர் எங்கே? பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு ஆளை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் ஷியாமளன் எடுத்த தி லாஸ்ட் ஏர்பெண்டர், 2010. கார்ட்டூனில் முதல் பாகம் மட்டும் 20 அத்தியாயம், அதை நூற்று மூன்று நிமிடத்தில் அடக்கினார். நாயகன் ஆங்கின் பெயரைக்கூட வேறு மாதிரி உச்சரிக்க வைத்தார். தெரிந்த பையனின் பெயரை மாற்றிக் கூப்பிட்டால் எந்தக் குழந்தைக்கு ஒட்டும்?

ஈரோடு மீனா:
அண்ணா, மன்னிச்சுக்குங்க, இதை நான் ஒத்துக்கவே மாட்டேன். மூலத்துக்கு உண்மையாக எடுத்தால் ஓடும் என்பது ரசிகர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

1996இல் வந்த ஃபேன்டம். ராணி காமிக்ஸில் மாயாவி என்று வந்தாரே, அவரேதான். ஊதா நிற இறுக்க உடை, மண்டையோட்டு மோதிரம், குதிரை, ஓநாய், குகை என்று ஒன்றுகூட விடாமல் வைத்தார்கள், கதைக்காலத்தையும் 1930களிலேயே விட்டார்கள். செலவு 4.5 கோடி டாலர், அமெரிக்க வசூல் 1.7 கோடி. இத்தாலியக் கௌபாய் காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லரின் 1985 படம் இன்னும் நல்ல உதாரணம். இத்தாலியில் ஜூலியானோ ஜெம்மா நடித்தார், கதை காமிக்ஸில் வந்த கதை, டெக்ஸை உருவாக்கிய போனெல்லியே கதை சொல்லும் செவ்விந்தியப் பெரியவராக வந்து உட்கார்ந்தார். இதற்கு மேல் என்ன உண்மை வேண்டும்? ஓடவில்லை, அடுத்த படமும் வரவில்லை.

மறுபக்கம் 2002 ஸ்பைடர்மேன். காமிக்ஸில் அவன் வலை வீசும் கருவியைத் தானே செய்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வான். படத்தில் வலை உடம்பிலிருந்தே வருகிறது. படம் வருவதற்கு முன்பே இதற்கு ரசிகர்கள் சண்டைக்கு வந்தார்கள். வசூல் 82 கோடி டாலர். நீங்கள் திட்டுகிற ஏர்பெண்டரும் 31 கோடிக்கு மேல் எடுத்தது, அது தெரியுமா உங்களுக்கு?

கோபி வாசகன்:
எடுத்தது, சரி. மூன்று பாகமாக எடுக்கத் திட்டம் போட்டார்களே, இரண்டாவது எங்கே? ஒரு தடவை பெயருக்காகப் போன கூட்டம் அடுத்த தடவை போகாது என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. வசூலை மட்டும் வைத்து வெற்றி சொல்ல முடியாது அம்மணி.

உண்மையாக எடுப்பது என்றால் உடையும் மோதிரமும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், நான் சொல்வது வேறு. ஒன்று சொல்கிறேன். இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துபோகும், கை மட்டும் தெரியும். 1962இல் இங்கிலாந்தில் வந்த தொடர், 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் புத்தகமே அதுதான். எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்று இருக்கும், மூடி கழன்று, உள்ளே கருகிய ஃபியூஸ் கம்பியோடு. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, விரலை நீட்டலாமா வேண்டாமா என்று எத்தனை பொழுது அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? அப்பாரு பார்த்துவிட்டு வரப்போரம் கிடந்த சோளத்தட்டை எடுத்து விளாசினார், அன்றைக்கே மின்கம்பிக்காரரைக் கூட்டிவந்து பெட்டிக்கு மூடியும் போட்டார். அந்தப் புத்தகத்தின் கறுப்பு வெள்ளைச் சித்திரத்தில் ஆள் இல்லாத அறையில் ஒரு கை மட்டும் சுவிட்சை நோக்கிப் போகும். ஆள் எங்கே நிற்கிறான், எப்படி நடக்கிறான் என்பதெல்லாம் நான் நிரப்பிக்கொண்டது. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த வெள்ளைக் கோட்டில்தான் நான் இருந்தேன். படத்தில் அந்த இடத்தை மூச்சுவிடாமல் சத்தத்தாலும் கணினி வேலையாலும் அடைத்துவிடுகிறார்கள். எனக்கு அங்கே வேலை இல்லாமல் போகிறது. நம்பிக்கை இல்லை என்று நான் சொன்னது இதைத்தான், பார்ப்பவன் மேல் நம்பிக்கை இல்லை.

தாராபுரம் மச்சான்:
ரெண்டு பேரும் படத்துக்குள்ளேயே தேடுகிறீர்கள், காரணம் வாசலில் இருக்கிறது. எங்கள் அப்பா முப்பது வருசம் தியேட்டரில் ஆபரேட்டர். டிக்கெட் கிழிக்கிற இடத்தில் நின்று வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன், யார் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்பதுதான் கணக்கு. குழந்தை தனியாக வராது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அந்தப் பெயர் பழக்கமாக இருக்க வேண்டும்.

டின்டின் என்ற இளம் நிருபரின் காமிக்ஸை வைத்து ஸ்பீல்பெர்க் எடுத்த படம், 2011. மூன்று புத்தகத்தைக் கலந்து ஒரு கதையாக்கினார். நம்ம நாட்டில் நவம்பர் 11ஆம் தேதியே வந்தது, அமெரிக்காவில் டிசம்பர் 21தான். ஏன்? அங்கே டின்டினைப் படித்து வளர்ந்தவர்கள் குறைவு, இங்கேயும் ஐரோப்பாவிலும் அப்படியில்லை. அமெரிக்காவில் 7.7 கோடி டாலர், உலகம் முழுக்கச் சேர்த்து 37 கோடி. படம் ஒன்றுதான், பார்த்தவனின் வீட்டு அலமாரிதான் வேறு. மீனா சொன்ன ஃபேன்டம் அமெரிக்காவில் படுத்ததற்கும் இதுவே காரணம் என்பேன். 1996இல் அங்கே இருந்த பையன்களுக்கு அது தாத்தா காலத்துப் பத்திரிகைத் தொடர்.

தி ஜங்கிள் புக் 2016ஐயும் நம்ம நாட்டில் ஒரு வாரம் முன்னாலேயே விட்டார்கள். தாராபுரத்திலிருந்து நாங்கள் ரெண்டு காரில் பதினோரு பேர் திருப்பூர் போய்ப் பார்த்தோம், எங்க அமுச்சி உட்பட. தொண்ணூறுகளில் டிவியில் மௌக்ளி பார்த்த எங்கள் செட்டு ஆட்கள்தான் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு போனது.

கோவை ஓவியன்:
நான் அனிமேஷன் வேலை செய்கிறவன், பீளமேட்டில் சின்ன ஸ்டூடியோ. யாரும் இன்னும் கோட்டைப் பற்றிப் பேசவில்லையே. கார்ட்டூன் முகத்தில் கண் ரெண்டும் ஒட்டிக்கொண்டு பாதி முகத்தை அடைத்திருக்கும். அதை நிஜ உடம்பில் வைத்தால் பயமாக இருக்கும், வைக்காவிட்டால் அந்த ஆளே இல்லை. இந்தச் சிக்கலுக்கு நல்ல கதை, கெட்ட கதை என்பதெல்லாம் அடுத்த பேச்சு.

சோனிக் நடந்ததைப் பாருங்கள், அது வீடியோ கேமிலிருந்து வந்தது என்றாலும் இதே சிக்கல்தான். 2019 ஏப்ரலில் டிரெய்லர் வந்தது. நீலநிற முள்ளெலிக்கு மனிதப் பல் வரிசை, சின்னச் சின்னக் கண். உலகமே கத்தியது. தயாரிப்பாளர்கள் பிடிவாதம் பிடிக்காமல் உருவத்தைத் திரும்ப வரைந்தார்கள், நவம்பரில் வர வேண்டிய படம் 2020 பிப்ரவரியில் வந்தது, ஓடியது, அடுத்தடுத்த பாகங்களும் வந்துவிட்டன. கண்ணைப் பெரிதாக்கி, பல்லை மாற்றி, கையுறையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வேலை என்னவென்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு சட்டகத்திலும் ஒளியும் நிழலும் முதலிலிருந்து. அதைச் செய்தவர்களை நினைத்தால் கண் கலங்குகிறது.

அதனால் கோபி அண்ணன் சொன்னதில் பாதிதான் சரி. உண்மையாக இருக்க வேண்டியது கதைக்கு இல்லை, உருவத்தின் கோட்டுக்கு.

ஈரோடு மீனா:
அப்படியென்றால் 2019 லயன் கிங்கை என்ன சொல்வீங்க? கோடு என்று ஒன்றுமே இல்லை, அசல் சிங்கம் மாதிரி முகத்தில் ஒரு அசைவும் கிடையாது, அப்பா சாகும்போதும் குட்டி அதே முகம்தான். 160 கோடி டாலருக்கு மேல் எடுத்தது. உங்கள் விதிப்படி அது முதல் நாளே சுருண்டிருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது வேறு, இப்போதுதான் எனக்கே தெளிவாகிறது. அதை நான் என் மகளோடு தமிழில் பார்த்தேன். ஸ்காருக்கு அரவிந்த்சாமி, டிமோனுக்கும் பும்பாவுக்கும் சிங்கம்புலியும் ரோபோ சங்கரும். முகத்தில் இல்லாததைக் குரல் கொண்டுவந்துவிட்டது. அரங்கில் சிரிப்பு வந்த இடமெல்லாம் குரல் வந்த இடம். நமக்கு இந்தக் கதைகள் எல்லாம் முதலில் தமிழாகத்தான் வந்தன அண்ணா. உங்கள் இரும்புக்கை மாயாவிக்கு மூலத்தில் பெயர் லூயிஸ் கிராண்டல், உங்களுக்கு அவன் மேல் பாசம் வந்தது சிவகாசியில் எழுதிய வசனத்தால். டைகர் என்ற பெயர் பிரெஞ்சில் இல்லவே இல்லை! அப்புறம் பிரெஞ்சுக்காரன் உங்கள் டைகரை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டால் எப்படி?

சுட்டி டிவி ஞாபகம் இருக்கிறதா? என் தம்பி டோராவைப் பார்த்துக்கொண்டு நடுவீட்டில் நின்று "குள்ளநரி திருடக்கூடாது" என்று கத்துவான், அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவருவார். டோரா படம் 2019இல் வந்தது. சின்ன டோரா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கார்ட்டூனில் கேட்பது மாதிரியே நம்மைப் பார்த்து "இதைச் சொல்லுங்க பார்க்கலாம்" என்று கேட்கிறாள். அப்பாவும் அம்மாவும் இந்தப் பெண் யாரிடம் பேசுகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த ஒரு காட்சிக்கே காசு செரித்துவிட்டது. பழைய பழக்கத்தை மறைக்கவும் இல்லை, அப்படியே ஒட்டவும் இல்லை.

வெள்ளகோவில் பாட்டுக்காரர் பேரன்:
தள்ளி இருந்து படித்துக்கொண்டிருந்தேன், நம்ம ஊர்க் கதை ஒன்று இதில் வரவேண்டும் என்று பட்டது. பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியைப் பற்றிய அண்ணன்மார் சாமி கதை. எங்கள் தாத்தா உடுக்கடிக் கதை சொல்கிறவர், ராத்திரி ராத்திரியாக நடக்கும். அண்ணன்மார் சாகிற படுகளம் வருகிற ராத்திரி கேட்கிறவர்களே மயங்கி விழுவார்கள், தண்ணீர் தெளித்து எழுப்புவோம், நானே செம்பு தூக்கியிருக்கிறேன்.

இது 2011இல் பொன்னர் சங்கர் என்று படமாக வந்தது, கலைஞர் எழுதிய நாவலை வைத்து. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பிரசாந்த். கோட்டை, அரண்மனை, குதிரை எல்லாம் பெரிதாக இருந்தன, எங்கள் ஊரில் யாருக்கும் ஒட்டவில்லை. தாத்தா பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டார். அரண்மனை எதற்கு, அவர்கள் காடு திருத்திக் கம்பும் சோளமும் விதைத்த ஆட்கள் அல்லவா என்றார். பொன்னர் பொறுமைசாலி, சங்கர் முன்கோபி, அதுதான் கதை முழுக்க இழுக்கும் கயிறு. ஒரே முகத்தை ரெண்டு பேருக்கும் வைத்தால் அந்தக் கயிறு தளர்ந்துவிடுகிறது.

இதே கதையை, 1960களில் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி ஆராய்ந்த பிரெண்டா பெக் என்ற கனடா அம்மா 26 பகுதி அனிமேஷனாகவும் சித்திரக்கதையாகவும் கொண்டுவந்தார். உருவங்கள் எளிமையானவை, அசைவும் கம்மிதான். தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். கதையில் வரும் கொம்பன் என்ற காட்டுப் பன்றி வரும்போது விரல் தானாகத் தொடையில் உடுக்கைத் தட்டியது. அதை என்ன கணக்கில் எழுதுவீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை, பார்த்ததைச் சொன்னேன்.

கோபி வாசகன்:
தம்பி, இதற்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அசைவு கம்மி என்பதால்தான் தாத்தாவுக்கு அங்கே இடம் கிடைத்தது, தாளத்தை அவர் போட்டார். நான் சொன்ன வெள்ளைக் கோடு அதுவேதான்.

மீனா, டைகர் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, வாங்கிக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த டைகர் தமிழில் மட்டும் இருக்கிறவன். ஆனால் டின்டின் படம் தொடங்குவதைப் பாருங்கள். சந்தையில் ஒரு தெரு ஓவியர் டின்டினை வரைந்து நீட்டுகிறார், காகிதத்தில் இருப்பது புத்தகத்துப் பழைய முகம், வரைந்தவரின் சாயல் டின்டினை உருவாக்கிய எர்ஜேவின் சாயல். பழையதை ஒரு நிமிடம் கையில் கொடுத்துவிட்டுத்தான் புதியதைக் காட்டுகிறார். அந்த மரியாதை இல்லாத படம் எனக்கு வேண்டாம், அது எத்தனை கோடி எடுத்தாலும்.

தாராபுரம் மச்சான்:
மரியாதை பார்த்து யாரும் டிக்கெட் எடுக்க மாட்டாங்க அண்ணா. என் கணக்கு மாறவில்லை.

ஈரோடு மீனா:
நானும் விடுவதாக இல்லை. இரும்புக்கை மாயாவியைத் தமிழில் யாராவது எடுத்தால், உடை, பெயர், ஊர் எல்லாவற்றையும் மாற்றட்டும், அந்த மோட்டார் ரூமை மட்டும் வைக்கட்டும். பெருந்துறையில் முதல் காட்சிக்கு மகளோடு போகிறேன். நீங்களும் பெரியவனைக் கூட்டிக்கொண்டு வாங்க அண்ணா, மிச்ச ஓரியாட்டத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம்.