கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் என்ன உடுத்துவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ராயபுரம் ரயிலடி

2022 ஜூன் முதல் நம்ம சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் கிளம்ப ஆரம்பித்த பிறகு, எங்கள் தெருவில் கப்பல் பேச்சு பெருகிவிட்டது. சிங்கப்பூர் போய் ஏறுகிறவர்களும் உண்டு. பெண்களுக்கு இதில் குழப்பமே இல்லை, பட்டுப்புடவை எந்தக் கப்பலிலும் செல்லும். ஆண்களிடம் கேட்டால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் “கோட்டு சூட்டு இல்லாம உள்ளயே விடமாட்டான்” என்கிறார். இன்னொருவர் “ட்ராக் பேன்ட்லயே சாப்பிட்டு வந்தேன்” என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஏறிய கப்பல் வேறு, உட்கார்ந்த சாப்பாட்டுக்கூடமும் வேறு.

நான் குடும்பத்தோடு போனது சிங்கப்பூரிலிருந்து. இரவில் எந்த மாதிரி உடை என்று அந்தக் கப்பலின் ஆப்பிலேயே போட்டிருந்தது. ஒரே ஓர் இரவுதான் ‘ஃபார்மல்’. கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டை எடுத்துப் போயிருந்தேன், பொத்தான் போடாமல் சமாளித்தேன். சுற்றிப் பார்த்தால் பாதிப் பேர் கோட்டில்லாமல், முழுக்கைச் சட்டையும் பேன்ட்டுமாகத்தான் இருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. என் மச்சான் மட்டும் “சோறு திங்க எதுக்குடா டை” என்று மேல் தளத்து பஃபேக்குப் போய்விட்டார். அங்கே அவருக்கு மீன் வறுவல் இரண்டாம் முறையும் கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்ததோ, பெரிய தட்டின் நடுவில் சின்னதாக ஒரு துண்டு.

தண்டையார்பேட்டை பழைய ஸ்டூவர்ட்

பல வருடம் கப்பலில் டைனிங் ரூமில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் எந்தக் கம்பெனி என்று பாருங்கள். குனார்ட் மாதிரி பழைய பிரிட்டிஷ் கம்பெனி என்றால் இன்னும் கறார்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் முக்கியமான இடங்களுக்கெல்லாம் உடை விதி உண்டு. ‘காலா’ (Gala) எனும் விருந்து இரவு என்றால் டக்ஸிடோ எனும் கறுப்பு விருந்துக் கோட்டு, இல்லையேல் டையோ, பட்டாம்பூச்சி மாதிரி முடிச்சுப் போடும் ‘போ டை’யோ கட்டிய கருநிற சூட். அமெரிக்கக் கம்பெனிகள் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதில்லை. நார்வீஜியன் கப்பலில் கட்டாய ஃபார்மல் இரவே கிடையாது. செலிபிரிட்டி கம்பெனி 2015 கடைசியில் ஃபார்மல் நைட்டை எடுத்துவிட்டு ‘ஈவினிங் சிக்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. கார்னிவலில் ‘எலிகன்ட்’ இரவு உண்டு, ஆனால் நல்ல பேன்ட்டும் காலர் வைத்த சட்டையும் போதும். ஒரு வாரப் பயணம் என்றால் பெரும்பாலும் இரண்டு இரவுதான் இந்தச் சடங்கு. ஏறுகிற அன்றும் இறங்குவதற்கு முந்தின இரவும் அநேகமாக இருக்காது.

வாசலில் நாங்கள் நிறுத்துவது யாரை? டை கட்டாதவரை அல்ல. கையில்லாத பனியன், நீச்சல் உடை, வெறுங்கால், தலையில் தொப்பி, ஜிம்முக்குப் போடும் அரைக்கால் சட்டை, இவற்றைத்தான். இந்தியக் குடும்பங்களில் நான் அடிக்கடி பார்த்த காட்சி ஒன்று உண்டு. அம்மா காஞ்சிப் பட்டு, கழுத்தில் ஆரம், தலையில் பூ. பெண் லெஹங்கா. பின்னாலேயே ஐயா த்ரீ ஃபோர்த்தும் ரப்பர் செருப்புமாக வருவார். ஹெட் வெயிட்டர் அவரை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொல்வார். ஆனால் அந்த அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! மெதுவாக எல்லாம் இருக்காது.

அப்புறம் கோட்டைவிட முக்கியமான சங்கதிகள் சில. ஏறும்போது பெரிய பெட்டியைக் கீழேயே வாங்கிக்கொள்வார்கள். அது அறைக்கு வந்து சேரச் சில சமயம் ராத்திரி ஆகிவிடும். அதனால் முதல் இரவுக்கான சட்டையும் பேன்ட்டும் கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி கொண்டு போகாதீர்கள், துணிக்கு ஆவி அடிக்கும் ஸ்டீமரும் வேண்டாம். கப்பலில் தீதான் பெரிய பயம், ஸ்கேனரில் பார்த்தவுடன் எடுத்து வைத்துக்கொள்வார்கள். சில கம்பெனிகளில் பயணிகளே துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ள ஓர் அறை இருக்கும். இல்லாவிட்டால் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுச் சட்டையை மாட்டி வையுங்கள், ஓரளவு சுருக்கம் போகும். வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டுக் கசங்கிய சட்டையோடு போய் உட்காரலாமா?

எம்.சி. ரோடு மாப்பிள்ளை

ஸ்டூவர்ட் அண்ணே, ஆறு மணி விதி எனக்குப் புதுசு, நன்றி.

வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். கப்பலுக்கென்று புது சூட் தைப்பது வீண் செலவு. நம்ம ஊர் வெயிலில் அதைத் திரும்பப் போட இன்னொரு கல்யாணம் வர வேண்டும். நான் செய்தது இது. கோடவுன் தெருவில் கருநீல பேன்ட் துணி ஒன்று, அதே நிறத்தில் லேசான பிளேசருக்குத் துணி. வீட்டுப் பக்கத்து டெய்லரிடமே கொடுத்தேன். உள்ளே முழு லைனிங் வேண்டாம், பாதி போதும் என்று சொல்லிவிட்டேன். எடை குறைந்தது, பெட்டியிலும் மடங்கியது. கூட வெள்ளையும் இளநீலமுமாக முழுக்கைச் சட்டைகள். இதிலேயே எல்லா இரவும் ஓடியது. டை கட்டினால் ஃபார்மல், கழற்றினால் ஸ்மார்ட் கேஷுவல். விமானத்தில் போய் ஏறுகிறவர்கள் கிலோக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதையும் மறக்காதீர்கள்.

பிளேசர் பகட்டுக்கு மட்டும் இல்லை. அந்தக் கூடத்தில் ஏசி எலும்பு வரை போகும்.

பெரம்பூர் லோகோ

நம்ம துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பலில் போனேன். டை தேவையே படவில்லை. டிஜே நடந்த ராத்திரியில் பாதிப் பேர் பூப்போட்ட சட்டை. சவுகார்பேட்டை குடும்பங்கள் நிறைய வந்திருந்தன, ஜெயின் சாப்பாடு தனியாகவே இருந்தது. அந்தப் பெரியவர்கள் வெள்ளைக் குர்தாவில் கம்பீரமாக வந்து, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். கூட்டத்தில் உடை விஷயத்தில் முதல் மார்க் அவர்களுக்குத்தான்.

திருவொற்றியூர் வேட்டி

யாருமே வேட்டியைப் பற்றிப் பேசவில்லையே?

2014-ல் சேப்பாக்கத்தில் ஒரு கிளப் விழாவுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசலில் திருப்பி அனுப்பினார்கள். பெரிய சர்ச்சையாகி, அதே ஆண்டில் வேட்டி கட்டியவரைப் பொது இடத்தில் தடுக்கக் கூடாது என்று சட்டமன்றத்தில் சட்டமே போட்டார்கள். அந்தச் சட்டம் நடுக்கடலுக்கு வராது, தெரியும். ஆனால் பிரிட்டிஷ் கம்பெனிகள் ஃபார்மல் இரவில் அவரவர் தேசிய உடையை ஏற்றுக்கொள்கின்றன. ஸ்காட்லாந்துக்காரர் பாவாடை மாதிரியான கில்ட்டோடு வரும்போது எனக்கென்ன? முன்கூட்டியே மெயில் போட்டுக் கேட்டேன், தாராளமாக வரலாம் என்று பதில் வந்தது.

பட்டுக்கரை வேட்டி, இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளை முழுக்கைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம், காலில் தோல் செருப்பு. வாசலில் நின்றவர் வணக்கம் வைத்துத்தான் உள்ளே அனுப்பினார். பக்கத்து மேஜையில் இருந்த வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள். நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன்: ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி வாங்குங்கள். பாக்கெட் இருக்கும், அறைச்சாவிக் கார்டை வைக்க வசதி. சாப்பிட்டு முடித்துக் காற்று வாங்க மேல் தளத்துக்குப் போகிற யோசனை இருந்தால் பெல்ட் கட்டாயம். கடல் காற்று நம்ம எண்ணூர் நெடுஞ்சாலைக் காற்று மாதிரி இல்லை. மடித்துக் கட்டிக்கொண்டு மட்டும் சாப்பாட்டுக்கூடத்துக்குள் போகாதீர்கள். அது நம்ம டீக்கடைக்குச் சரி.

ராயபுரம் ரயிலடி

வேட்டி அண்ணே, அடுத்த தடவை என் அப்பாவுக்கு அதுதான். கோட்டு என்றாலே அவர் பயணமே வேண்டாம் என்கிறார். ஷூ பற்றி யாராவது சொல்லுங்கள். ஸ்போர்ட்ஸ் ஷூவே போதுமா?

தண்டையார்பேட்டை பழைய ஸ்டூவர்ட்

மற்ற இரவுகளில் சுத்தமான, ஒரே நிற ஸ்னீக்கரை யாரும் கேட்கமாட்டார்கள். ஃபார்மல் இரவுக்குக் கறுப்புத் தோல் ஷூ ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். புதுசாக வாங்கினால் வீட்டிலேயே கொஞ்ச நாள் போட்டுப் பழகிவிட வேண்டும், அறையிலிருந்து சாப்பாட்டுக்கூடம் வரைக்கும் நல்ல நடை இருக்கும். அப்பாவுக்கு வேட்டி என்றால் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள், அந்தப் பதிலை ஃபோனில் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று விட்டுப்போச்சு. இறங்குவதற்கு முந்தின ராத்திரி பெட்டியைப் பூட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், அது நேராகக் கரைக்குப் போய்விடும். மறுநாள் போட ஒரு செட் வெளியே எடுத்து வைக்க வேண்டும். ஒருமுறை ஒரு பயணி எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டிவிட்டார். மறுநாள் காலை இமிகிரேஷன் வரிசையில் மேலே டின்னர் கோட், கீழே தூங்கிய அரைக்கால் சட்டை. கோட்டு நல்ல கோட்டுதான், தையல் பிரமாதம்.