உயர்தரத்துக்குப் பிறகு பார்மசி: யாழ்ப்பாணமா, பேராதனையா, தமிழ்நாடா?

கேள்வி: அண்ணன், புதுக்குடியிருப்பு

வணக்கம். என் தங்கை முல்லைத்தீவு மாவட்டத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் எழுதியவள். மருத்துவத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) போதாது என்று தெரிந்ததும் பார்மசிதான் (மருந்தாளர் படிப்பு) படிப்பேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். விண்ணப்பத்தில் யாழ்ப்பாணத்தை முதலில் போடச் சொல்கிறார் அம்மா. நான் பேராதனையை நினைக்கிறேன். மாமாவோ காணியில் ஒரு துண்டை விற்றுத் தமிழ்நாட்டில் தனியார் கல்லூரியில் சேர்க்கலாம் என்கிறார். படித்து முடித்து வன்னியிலேயே வேலை செய்வதுதான் அவளுடைய விருப்பம். எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்: மருந்தாளர், வவுனியா

தம்பி, காணிப் பேச்சை முதலில் நிறுத்துங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. முல்லைத்தீவு அந்தப் பதினாறில் ஒன்று. முந்தைய ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளை, அதாவது இடம் கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளிகளை, உங்கள் மாவட்டத்துக்குரிய நிரலில் பார்த்தால் நிலைமை விளங்கும். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இந்தக் கற்கை இல்லை.

நான் பேராதனையில் படித்தவள். அங்கேயும் யாழ்ப்பாணத்திலும் நான்கு வருடப் பட்டம், இரண்டிலும் ஆங்கில மொழிமூலம். பேராதனையில் சிங்களம் பழகலாம். இடமாற்றம் வரும்போது அது பெரிய உதவி. ஆனாலும் உங்கள் தங்கைக்கு யாழ்ப்பாணத்தையே முதலில் போடச் சொல்வேன்.

காரணத்தைச் சொல்கிறேன். செட்டிகுளத்திலிருந்து வந்த ஒரு அம்மா பையிலிருந்து இரண்டு கடதாசி உறைகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் கிளினிக்கில் கொடுத்த மெட்போர்மின் என்ற நீரிழிவுக் குளிசை. மற்றதில் வெளியே வாங்கிய அதே மெட்போர்மின், வேறு வணிகப் பெயரில். இரண்டையும் காலையும் இரவும் விழுங்கியிருக்கிறார். "இது நீட்டுக் குளிசை, அது வட்டக் குளிசை. ரெண்டும் ஒண்டோ பிள்ளை?" என்று கேட்டார். கிளினிக் கொப்பியில் கிரியேட்டினின் (சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் கூடும் கழிவு) ஏறியிருந்தது. காரணம் தெளிவாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் எங்கள் மாவட்டத்தில் இருப்பதையும், சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு 30க்குக் கீழே இறங்கினால் மெட்போர்மின் கொடுக்கக்கூடாது என்பதையும் புத்தகத்தில் எங்கே படித்தாலும் அறியலாம். ஆனால் அந்த அம்மாவை வாய் திறக்க வைத்து, பையைக் காட்டச் செய்து, வயல் வேலைக்குப் பிறகு உடம்பு நோவுக்குக் கடையில் என்ன குளிசை வாங்குகிறார் என்பதையும் கேட்டறிவது தமிழ் பேசும் நோயாளரின் கட்டிலருகே நின்று பழக வேண்டிய வேலை. அது எனக்கு வேலைக்கு வந்த பிறகுதான் கிடைத்தது.

பதில்: ஒரு தகப்பன், மாங்குளம்

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முகவர் ஒருவரின் பேச்சை நம்பி மகனை அனுப்பினேன். அவன் பட்டத்தோடு திரும்பிய பிறகுதான், அங்கே கிடைத்த அங்கீகாரம் அங்கே தொழில் செய்வதற்கு மட்டுமே என்பதும், இங்கே இலங்கை மருத்துவ சபையில் பதிவதற்கு வேறு நடைமுறை உண்டு என்பதும் தெரியவந்தன. பதிவில்லாமல் அவன் வீட்டில் இருந்த மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. தமிழ்நாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், அந்தக் கல்லூரியின் பெயரைக் குறிப்பிட்டு, அதன் பட்டத்தை ஏற்பார்களா என்று மருத்துவ சபையிடம் எழுத்தில் பதில் வாங்கிய பின்பே காசு கட்டுங்கள்.

மீண்டும் அண்ணன்

மிக்க நன்றி, அக்கா, ஐயா. யாழ்ப்பாணத்தை முதலில் போட்டால் பேராதனையில் கிடைக்கும் வாய்ப்புக் குறையுமா?

பதில்: மருந்தாளர், வவுனியா

குறையாது. விருப்ப வரிசைப்படி பார்த்து, முதலாவதற்குப் புள்ளி போதாவிட்டால் அடுத்ததற்குப் பார்ப்பார்கள். ஆகவே யாழ்ப்பாணத்துக்கு அடுத்து பேராதனையைப் போட்டு, உறூகுணை, ஸ்ரீ ஜயவர்தனபுர இரண்டையும் விடாமல் எழுதுங்கள். ஒன்றும் சரிவராவிட்டால் திறந்த பல்கலைக்கழகத்திலும் பார்மசிப் பட்டம் இருக்கிறது. வரிசையைத் தங்கையின் கையாலேயே எழுத விடுங்கள். நான்கு வருடம் விடுதியில் இருந்து படிக்கப் போகிறவள் அவள்தான்.