கனடாவுக்கு மருமகளை (தங்கச்சியின்ர மகளை) கூப்பிட்ட ஆக்கள் ஆராவது இருக்கிறீங்களா?

வணக்கம், நாங்க திருகோணமலை உப்புவெளி. தங்கச்சி போன வருசம் செத்துப் போயிட்டா, மச்சான் அதுக்கு முதலே கடலுக்குப் போய் திரும்பி வரேல்ல, பிள்ளைக்கு இப்ப 9 வயசு, டொரோண்டோவில இருக்கிற அண்ணா தான் வளர்க்கிறன் எண்டு நிக்கிறார். தாய் தகப்பன் ரெண்டு பேரும் இல்லாட்டி 18 வயசுக்குள்ள தத்தெடுக்காமலே ஸ்பொன்சர் பண்ணலாம் தானே, ஆனா மச்சான்ர மரணச் சான்றிதழ் எங்க இருக்கு, உடம்பே கிடைக்கேல்லயே! தத்தெடுக்கிறதெண்டா ஹேக் ஒப்பந்தப்படி (வெளிநாட்டுப் பிள்ளைய தத்தெடுக்கிறதுக்கான சர்வதேச ஒப்பந்தம்) ரெண்டு நாட்டு சம்மதமும் வேணும், இங்க நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு திணைக்களம், கோர்ட் எண்டு அலைச்சல். ஒரு ஏஜென்ட் காசு குடுத்தா சுகமா முடிக்கலாமாம், எனக்கு நம்பிக்கையில்ல. எங்கட அம்மாவும் பிள்ளையின்ர பிறப்புச் சான்றிதழை லெமினேட் பண்ணி தலாணிக்குக் கீழ வச்சிருக்கிறா. காணாமப்போன தகப்பனுக்கு என்ன பேப்பர் காட்டினீங்க? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ ப்ளீஸ்.